தானாகவும் ஓடும், கையாலும் ஓடும்: மோன்ட்ராகோன் துப்பாக்கியின் கதை

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் வீட்டில் மோட்டாருக்கு ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும். அதில் ஒரு சின்னக் குமிழ். ஒரு பக்கம் திருப்பினால் ‘ஆட்டோ’. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானே ஓடும், நிறைந்தால் தானே நிற்கும். மறு பக்கம் திருப்பினால் ‘மேனுவல்’. நாமேதான் போட வேண்டும், நாமேதான் நிறுத்த வேண்டும். தானியங்கி கெட்டுப்போன நாளில் குமிழைத் திருப்பிவிட்டுக் கையால் போட்டுக்கொள்கிறோம். மெக்கானிக் வரும்வரை வீடு தண்ணீர் இல்லாமல் தவிப்பதில்லை.

நூறு வருடங்களுக்கு முன்பே இந்த யோசனையை ஒருவர் துப்பாக்கியில் வைத்தார். அவர் மெக்சிகோ நாட்டுப் பீரங்கிப் படை அதிகாரி. பெயர் மனுவேல் மோன்ட்ராகோன். அவருடைய துப்பாக்கியையும், அந்தக் குமிழுக்குப் பிற்காலத்தில் வேறு சிலர் செய்ததையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

காலமெல்லாம் கோப்பு எழுதியவனுக்குத் துப்பாக்கியோடு என்ன உறவு என்று கேட்பீர்கள். புதுச்சேரியில் வளர்ந்தவனுக்கு இது பெரிய அதிசயம் இல்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்கள் இல்லாத தெரு அந்தக் காலத்தில் இங்கே குறைவு. இந்தோசீனாவில் இருந்து திரும்பியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து ‘மாஸ்’, ‘லெபெல்’ என்று பேசுவதைக் கேட்டு வளர்ந்தோம். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வழியில் படித்ததால், அந்தப் பெயர்கள் பிற்காலத்தில் புத்தகங்களில் கண்ணில் பட்டபோது நின்று படிக்க முடிந்தது. சுட்டவன் இல்லை, படித்தவன்தான்.

முதலில் விஷயம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

நம் போலீஸ்காரர்கள் நெடுங்காலம் தோளில் மாட்டியிருந்த 303 துப்பாக்கியைப் பார்த்திருப்பீர்கள். அது கைத்தொழில். ஒரு முறை சுட்டதும் போல்டின் பிடியை மேலே தூக்க வேண்டும், பின்னால் இழுக்க வேண்டும், முன்னால் தள்ள வேண்டும், கீழே இறக்க வேண்டும். பின்னால் இழுக்கும்போது காலிக் கூடு வெளியே தெறிக்கும். முன்னால் தள்ளும்போது அடுத்த தோட்டா உள்ளே போகும். நான்கு அசைவுகள். நன்றாகப் பழகியவன் இதை வெகு வேகமாகச் செய்வான். ஆனால் ஒவ்வொரு முறையும் கை விசையை விட்டு விலக வேண்டும், கண்ணும் குறியை விட்டுச் சற்று விலகும்.

இதைச் சுருக்கி, தூக்குவதும் இறக்குவதும் இல்லாமல் நேராகப் பின்னால் இழுத்து நேராக முன்னால் தள்ளும் வகையும் வந்தது. அதில் இரண்டே அசைவுகள். போல்ட் தானே சுழன்று பூட்டைத் திறந்துகொள்ளும், தானே சுழன்று பூட்டிக்கொள்ளும். இந்த நேர்-இழுப்பு வகையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் திரும்பத் திரும்ப வரும்.

தானியங்கி வகையில் கையின் வேலையைத் துப்பாக்கியே செய்கிறது. அதற்கு வேண்டிய சக்தி வெளியில் இருந்து வருவதில்லை. மருந்து எரியும்போது உண்டாகும் வாயுதான் குண்டைத் தள்ளுகிறது. அந்த வாயுவில் துளியூண்டை, குழலில் போட்ட ஒரு சிறு துளை வழியாகத் திருடிக்கொள்கிறார்கள். அது குழலுக்குக் கீழே இருக்கும் உருளைக்குள் போய் ஒரு பிஸ்டனைப் பின்னால் உதைக்கும். பிஸ்டனோடு சேர்ந்த தண்டு போல்டை உதைக்கும். பூட்டு திறக்கும், காலிக் கூடு வெளியே போகும். பிறகு சுருள்வில் எல்லாவற்றையும் முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். சுடுபவன் மறுபடி விசையை அழுத்தினால் போதும்.

ஒரு சின்ன விளக்கம். இங்கே ‘தானியங்கி’ என்றால் விசையைப் பிடித்துக்கொண்டிருந்தால் சடசடவென்று கொட்டும் இயந்திரத் துப்பாக்கி இல்லை. ஒரு அழுத்தத்துக்கு ஒரு குண்டுதான். அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலை மட்டும் தானாக நடக்கும். பழைய பிரெஞ்சுக்காரர்கள் இதையும் ‘ஓட்டோமத்திக்’ என்றே அழைத்தார்கள்.

இப்படி ஒரு வசதி கிடைத்தால் எந்தப் படைத் தலைமையும் தாவி எடுத்துக்கொள்ளும் என்றுதான் நினைப்போம். நடந்தது அப்படி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தளபதிகளின் பெரிய கவலை துப்பாக்கியின் வேகக் குறைவு இல்லை, வேகம் கூடிவிடுமோ என்பதுதான். சிப்பாய் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு தோட்டாக்களையெல்லாம் காலி செய்துவிடுவான், பிறகு எதிரி வரும்போது வெறுங்கையோடு நிற்பான் என்பது அவர்கள் வாதம். தோட்டாவைச் சுமந்து முன்னணிக்குக் கொண்டு சேர்ப்பதும் லேசான காரியம் இல்லை. ஆகவே வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அந்தக் கவலையின் அடையாளம் லெபெல் துப்பாக்கியிலேயே இருந்தது. 1886-ஆம் ஆண்டு பிரான்ஸ் ஏற்றுக்கொண்ட லெபெலில், குழலுக்கு அடியில் ஓடும் குழாயில் எட்டுத் தோட்டாக்கள் இருக்கும். பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோல். அதைத் திருப்பினால் அந்த எட்டும் அடைபட்டுவிடும். சிப்பாய் பையில் இருந்து ஒவ்வொரு தோட்டாவாக எடுத்துக் கையால் போட்டுச் சுட வேண்டும். அவசர நேரத்தில் உத்தரவு வந்தால்தான் நெம்புகோலைத் திருப்பிக் குழாயில் இருப்பதைத் தொடலாம். இங்கிலீஷ்காரர்களும் 1888-இல் வந்த லீ-மெட்ஃபோர்டிலும் பிறகு லீ-என்ஃபீல்டிலும் இதே காரியத்துக்கு ஒரு தகடு வைத்தார்கள். அமெரிக்கர்களின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டிலும் உண்டு. முதல் உலகப் போர் நடுவில், 1916-இல்தான், இங்கிலீஷ்காரர்கள் புதிதாகச் செய்யும் துப்பாக்கிகளில் அந்தத் தகட்டை விட்டுவிட்டார்கள். பதுங்குகுழியில் நிற்பவனுக்கு அது தேவைப்படவில்லை.

ஆக, துப்பாக்கியில் இரண்டு நிலை வைத்த குமிழ் முதலில் வந்தது சிப்பாயின் வசதிக்காக இல்லை. குமிழ் இருந்தது அவன் துப்பாக்கியில், அதைத் திருப்பும் அதிகாரம் இருந்தது மேலதிகாரியின் வாயில்.

மோன்ட்ராகோன் வேறு திசையில் யோசித்தார். அவர் 1859-இல் பிறந்தவர். மெக்சிகோவை நெடுங்காலம் ஆண்ட போர்ஃபிரியோ தியாஸ் காலத்துப் பட்டாளத்தில் வளர்ந்து ஜெனரல் ஆனவர். பீரங்கி வடிவமைப்பில் கெட்டிக்காரர். அவர் பெயரால் அழைக்கப்படும் 75 மில்லிமீட்டர் பீரங்கி பிரான்சில் சேன் ஷமோன் ஊரில் உருவானது. துப்பாக்கியில் அவர் முதலில் செய்தது 1890-களின் தொடக்கத்தில் வந்த ஒரு நேர்-இழுப்பு வகை. கையால் இயக்குவதுதான். அதிலேயே ஒரு வினோதம் வைத்தார். ஒரு குமிழைத் திருப்பிவிட்டால், போல்டை முன்னால் தள்ளிப் பூட்டும்போதே துப்பாக்கி வெடித்துவிடும். விசையைத் தொடவே வேண்டாம். முன்னேறிப் போகும் சிப்பாய் பிடியை இழுத்துத் தள்ளிக்கொண்டே சுட்டுக்கொண்டு போகலாம். கையால் இயங்கும் கருவியில் இருந்தே தானியங்கியின் வேகத்தைக் கறந்துவிடலாமா என்று பார்த்திருக்கிறார்.

மெக்சிகோவில் அத்தனை நுட்பமான வேலை செய்யும் தொழிற்சாலை அப்போது இல்லை. ஆகவே சுவிட்சர்லாந்துக்குப் போனார். ரைன் அருவிக்குப் பக்கத்தில் நாய்ஹவுசன் என்ற ஊர். அங்கே 1853-இல் ரயில் பெட்டி செய்வதற்காக ஆரம்பித்து, பிறகு துப்பாக்கித் தொழிலுக்கும் வந்த எஸ்.ஐ.ஜி. என்ற நிறுவனம் இருந்தது. அவர்கள்தான் அவருடைய துப்பாக்கிகளைச் செய்து கொடுத்தார்கள்.

வாயுவால் இயங்கும் துப்பாக்கி 1908-இல் மெக்சிகோ பட்டாளத்தில் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. அதிபரின் பெயரையே வைத்து ‘போர்ஃபிரியோ தியாஸ் துப்பாக்கி, மோன்ட்ராகோன் முறை, 1908 மாதிரி’ என்று அழைத்தார்கள். 7 மில்லிமீட்டர் மவுசர் தோட்டா. குழலுக்கு அடியில் பிஸ்டன், சுழன்று பூட்டும் போல்ட், சுருள்வில் என்று நான் மேலே சொன்ன அமைப்புதான். இன்றைக்கு உலகத்தில் பல துப்பாக்கிகள் இந்த வழியில்தான் இயங்குகின்றன. அன்றைக்கு அது புதுசு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போல்டை இழுக்கும் பிடியில் ஒரு சிறு கொக்கி இருந்தது. அது மாட்டியிருக்கும்வரை போல்டும் பிஸ்டன் தண்டும் ஒன்று. துப்பாக்கி தானாக ஏற்றிக்கொள்ளும். கொக்கியை விடுவித்தால் இரண்டுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். பிஸ்டன் தன்பாட்டுக்கு இருக்கும், போல்ட் கைக்கு வந்துவிடும். அப்போது அது நேர்-இழுப்புக் கைத்துப்பாக்கி. இழு, தள்ளு, சுடு. அவ்வளவுதான். பெட்டியைக் கழற்ற வேண்டாம், கருவி வேண்டாம், பட்டறைக்கு அனுப்ப வேண்டாம். தோளில் வைத்திருக்கும்போதே மாற்றிக்கொள்ளலாம்.

எதற்காக இது? மூன்று காரணங்கள் தெரிகின்றன. முதலாவது, மருந்து. வாயுவால் இயங்கும் கருவிக்கு ஒவ்வொரு தோட்டாவும் ஏறக்குறைய ஒரே அளவு உதை கொடுக்க வேண்டும். ஒன்று சவசவ என்று எரிந்தால் பிஸ்டன் பாதி வழியில் நின்றுவிடும். மெக்சிகோவில் அப்போது கிடைத்த தோட்டாக்களின் தரம் இந்தத் துப்பாக்கிக்குப் போதவில்லை. இரண்டாவது, அழுக்கு. எரிந்த மருந்தின் கரி துளையிலும் உருளையிலும் படியும். வெளியில் இருந்து மண்ணும் சேரும். மூன்றாவது, நான் மேலே சொன்ன தளபதிகளின் கவலை. ‘தோட்டா வீணாகும்’ என்று சொல்பவர்களிடம், ‘வேண்டாத நேரத்தில் கையால் சுடச் சொல்லுங்கள்’ என்று பதில் சொல்ல ஒரு வழி.

மூன்றுக்கும் ஒரே கொக்கி. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், தன் கண்டுபிடிப்பு எந்த நாளும் தவறாது என்று மோன்ட்ராகோன் நினைக்கவில்லை. தவறும் நாளுக்கும் சேர்த்து வழி வைத்தார். அந்த வழியையும், அந்த நேரத்தில் அங்கே நிற்கிறவனின் விரலுக்கு எட்டும் இடத்தில் வைத்தார்.

கண்டுபிடிப்பு நன்றாக இருந்து என்ன செய்ய, காலம் நன்றாக இல்லை. மெக்சிகோ அரசு நாய்ஹவுசனுக்குக் கொடுத்த ஆர்டர் 4,000 துப்பாக்கி. ஒன்று 160 சுவிஸ் பிராங்க். அன்றைக்கு அது அதிக விலை. வந்து சேர்ந்தது சுமார் 400. அதற்குள் புரட்சி வெடித்தது. 1911 மே மாதம் தியாஸ் பதவியை விட்டு விலகி ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். 1915-இல் பாரிசில் இறந்தார். அவர் கல்லறை இன்றும் மோன்பர்னாஸ் இடுகாட்டில் இருக்கிறது. அவர் பெயரைத் தாங்கிய துப்பாக்கியின் மீதி ஆர்டர் ரத்தானது.

மோன்ட்ராகோனின் கதையில் கறையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1913 பிப்ரவரியில் அதிபர் மதேரோவுக்கு எதிராக மெக்சிகோ நகரத்தில் நடந்த கலகத்தின் முக்கியப் புள்ளிகளில் அவர் ஒருவர். கலகக்காரர்கள் ஆயுதக் கிடங்கான சியுதாதேலாவில் புகுந்துகொண்டார்கள். பத்து நாட்கள் நகரத்தின் நடுவில் பீரங்கிச் சண்டை. பொதுமக்கள் பலர் மாண்டார்கள். மதேரோவும் துணை அதிபரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். புதிய அரசில் மோன்ட்ராகோன் போர் அமைச்சர் ஆனார். சில மாதங்களிலேயே அந்தப் பதவியும் போய் நாட்டைவிட்டே வெளியேறினார். 1922-இல் ஸ்பெயினில் சான் செபஸ்தியான் நகரில் காலமானார். அவருடைய மகள் கார்மென், நாவி ஓலின் என்ற பெயரில் ஓவியராகவும் கவிஞராகவும் புகழ் பெற்றவர். சிறு வயதில் பாரிசில் வளர்ந்தவர். பள்ளிப் பருவத்தில் பிரெஞ்சில் எழுதியவற்றை 1924-இல் புத்தகமாக வெளியிட்டார். என்னைப் போலத் தாய்மொழி ஒன்று, பள்ளி மொழி ஒன்று என்று வளர்ந்தவர்களுக்கு அவரை நினைத்தால் ஒரு பாசம் வரும்.

நாய்ஹவுசனில் தேங்கிக் கிடந்த துப்பாக்கிகளை முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மனி வாங்கிக்கொண்டது. காலாட்படையில் கொடுத்துப் பார்த்தார்கள். பதுங்குகுழிச் சேறு அதைத் திணறடித்தது. ஆனால் வானத்தில் சேறு இல்லை அல்லவா? அப்போது விமானங்களில் இயந்திரத் துப்பாக்கி சரியாகப் பொருத்தப்படாத காலம். பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆள் கையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு எதிரி விமானத்தைச் சுடுவான். திறந்த இருக்கை, முகத்தில் அறையும் குளிர்காற்று, கையில் தடித்த உறை. அந்த நிலையில் நான்கு அசைவு போல்டைக் கையாளுவது எவ்வளவு கஷ்டம்! அங்கே இந்தத் துப்பாக்கி உதவியது. 30 தோட்டா பிடிக்கும் உருண்டைப் பெட்டி மாட்டி, 1915 மாதிரி என்று விமானிகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு இயந்திரத் துப்பாக்கி விமானத்தில் ஒழுங்காக ஏறியதும் அந்த வேலையும் போயிற்று.

இனி பிரான்ஸ். இந்தப் பகுதியை நம் ஊர்க்காரர்கள் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

போர் நடுவிலேயே பிரெஞ்சுக்காரர்களும் ஒரு தானியங்கித் துப்பாக்கியைச் செய்தார்கள். ரிபெரோல், சுத்தேர், ஷோஷா என்ற மூவரின் வடிவமைப்பு. 1917 மாதிரி என்று பெயர். சேன்த் எத்தியேன் ஆயுதச் சாலையில் செய்தார்கள். பிஸ்டன், வாயுத் துளை எல்லாம் உண்டு. 85,000-க்கு மேல் செய்யப்பட்டது என்பதால் மோன்ட்ராகோனைப் போல அபூர்வப் பொருள் இல்லை. நல்ல குறிகாரர்களாகப் பார்த்துக் கொடுத்தார்கள். குறைகளும் இருந்தன. ஐந்து கிலோவுக்கு மேல் கனம், ஆள் தோள் உயரத்துக்கு நீளம், தனக்கென்று தனி கிளிப். லெபெல் தோட்டா அடி பெருத்து நுனி சிறுத்த வடிவம். தானியங்கிக்கு அது லேசில் ஒத்துவராது. 1918-இல் சற்றே குட்டையாக்கித் திருத்திய மாதிரியும் வந்தது. அதற்குள் போர் முடிந்துவிட்டது.

1935-இல் என்ன செய்தார்கள் தெரியுமா? கையிருப்பில் இருந்த அந்தத் துப்பாக்கிகளில் பெரும்பகுதியை எடுத்து வாயுத் துளையை அடைத்தார்கள். துளை அடைபட்டால் பிஸ்டனுக்கு வேலை இல்லை. துப்பாக்கி நேர்-இழுப்புக் கைத்துப்பாக்கி ஆகிவிட்டது. அப்படி மாற்றியவற்றைக் காலனித் துருப்புகளுக்குக் கொடுத்தார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் மோன்ட்ராகோன் செய்ததும் இதுவும் ஒன்றுதான். இரண்டிலும் தானியங்கி கைத்தொழில் ஆகிறது. ஆனால் மோன்ட்ராகோனின் கொக்கி திரும்பக் கூடியது. நிலைமை மாறினால் சிப்பாய் மறுபடி மாட்டிக்கொள்வான். அடைத்த துளை திரும்பாது. முடிவை ஏதோ ஓர் அலுவலகத்தில் ஒரே முறை எடுத்துவிட்டார்கள். அதைச் சுமப்பவன் ஆப்பிரிக்காவிலோ ஆசியாவிலோ அதே ஐந்து கிலோ கனத்தைச் சுமந்தான். பிஸ்டனும் கூடவே பயணம் செய்தது. வேலை மட்டும் செய்யவில்லை.

ஒரு குமாஸ்தாவாக அந்த முடிவை என்னால் புரிந்துகொள்ளவும் முடிகிறது. தூர தேசத்துக் காவல் நிலையம், துப்பாக்கி பழுதுபார்க்கத் தெரிந்த ஆள் இல்லை, உதிரி பாகம் கப்பலில் வர வேண்டும். எளிய கருவியாக இருந்தால் கெடாது என்று கோப்பில் எழுதுவது சுலபம். ஆனால் எளிய கருவி என்ற அந்த நியாயம் எப்போதும் ஒரு பக்கத்து மனிதர்களுக்கு மட்டும் ஏன் பொருந்துகிறது?

இந்தக் கேள்வி பிரெஞ்சுக்காரர்களுக்கு மட்டும் இல்லை. எல்லைக்கோட்டின் அந்தப் பக்கம் இருந்த இங்கிலீஷ்காரர்கள் 1857-க்குப் பிறகு என்ன செய்தார்கள்? என்ஃபீல்டு துப்பாக்கிக் குழலின் உள்ளே குண்டைச் சுழற்றும் வரிகளை நீக்கி, வழவழப்பான குழலாக்கி இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். வரி இல்லாத குழலில் குறி தூரத்துக்குப் போகாது. பிறகும் பல பத்தாண்டுகள், வெள்ளைக்காரப் படைக்குப் புது மாதிரி வந்தால் இந்தியப் படைக்கு அவர்கள் கழித்துவிட்ட மாதிரி என்பதே வழக்கம். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கும் இஷாப்பூர் தொழிற்சாலை, போலீசுக்கும் காவலாளிகளுக்கும் என்று ஒரு வகை செய்தது. பார்க்க அசல் லீ-என்ஃபீல்டு. குழல் மட்டும் வழவழப்பு. மேகசின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரக்கட்டை. ஒவ்வொன்றாகப் போட்டுத்தான் சுட முடியும். பிரான்சில் துளையை அடைத்தார்கள், இங்கே பெட்டியை அடைத்தார்கள்.

நம் கடற்கரைச் சாலையில் இருக்கும் போர் நினைவிடத்தில் ஒவ்வொரு ஜூலை 14 அன்றும் விளக்கு போடுகிறார்கள். பிரெஞ்சிந்தியாவில் இருந்து போய் முதல் போரில் மாண்டவர்களுக்கு எழுப்பியது. உயிரைக் கேட்கும்போது எல்லோரும் சமம். கருவியைக் கொடுக்கும்போது மட்டும் படிநிலை. இதை நான் கசப்போடு சொல்லவில்லை. எனக்குச் சோறு போட்ட படிப்பு பிரெஞ்சுப் படிப்பு. இருந்தாலும் வரலாறு வரலாறுதான்.

அடுத்த வருடமே இன்னொரு வேடிக்கை. 1936 ஜனவரியில் அமெரிக்கா, ஜான் கேரண்ட் வடிவமைத்த எம்-1 துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. வாயுவால் இயங்குவது, எட்டுத் தோட்டா. சில பேருக்கு மட்டும் இல்லை, காலாட்படை முழுவதற்கும் அதுவே பொதுத் துப்பாக்கி என்று தீர்மானித்தார்கள். தோட்டாவைப் பூட்டி வைக்கும் தகடும் இல்லை, கைக்கு மாற்றும் குமிழும் இல்லை. ‘சிப்பாய் வீணாக்குவான்’ என்ற பழைய வாதத்தை அந்த நாட்டில் அன்றோடு மூட்டை கட்டினார்கள். அதே 1936-இல் பிரான்ஸ் ஏற்றுக்கொண்டது மாஸ்-36. நம் சொல்தாக்கள் வாயில் புழங்கிய அதே ‘மாஸ்’. உறுதியானது, எளிமையானது, முழுக்க முழுக்கக் கையால் இயங்குவது. தவறி வெடிக்காமல் தடுக்கும் பாதுகாப்புப் பூட்டுகூட அதில் கிடையாது. தானியங்கித் துப்பாக்கிக்கும் பிரான்சில் முயற்சிகள் நடந்துகொண்டிருந்தன. அவை பட்டாளத்தின் கைக்கு வந்து சேர்வதற்குள் 1940 வந்துவிட்டது.

அப்படியானால் மோன்ட்ராகோனின் கொக்கி செத்துப்போனதா? இல்லை. வேறு உருவத்தில் இருக்கிறது. 1949-க்குப் பிறகு வந்த பிரெஞ்சுத் தானியங்கிகளில், மாஸ்-49/56 போன்றவற்றில், குழல் முனையில் கையெறி குண்டை மாட்டி ஏவும் வசதி உண்டு. அதற்கு வாயு முழுவதும் குண்டைத் தள்ளப் போக வேண்டும். போல்டை இயக்கத் திருடிக் கொடுக்கக் கூடாது. ஆகவே வாயுவை அடைக்கும் ஏற்பாடு ஒன்று வைத்தார்கள். நம் இந்திய ராணுவம் பல வருடங்கள் வைத்திருந்த, இஷாப்பூரில் செய்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கியிலும் முன்பக்கத்தில் ஒரு வாயு அடைப்பான் உண்டு. அதைத் திருப்பிப் போட்டால் வாயு நின்றுவிடும். அப்போது ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத்தான் ஏற்ற வேண்டும். இத்தாலிக்காரர்கள் 1970-களின் கடைசியில் செய்த ஸ்பாஸ்-12 என்ற வேட்டைத் துப்பாக்கி வகையில், ஒரு பொத்தானை அழுத்தித் தானியங்கியில் இருந்து கைப் பம்புக்கு மாற்றிக்கொள்ளலாம். போலீஸ் பயன்படுத்தும் வலுக்குறைந்த தோட்டாக்கள் பிஸ்டனை அசைக்கப் போதாது என்பதால் அந்த வசதி. காரணங்கள் மாறிவிட்டன. தத்துவம் அதேதான்.

இதை எழுதும்போது துப்பாக்கியை விட்டு விலகி வேறொன்று மனதில் ஓடுகிறது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் கணினி வந்த புதிதில், பழைய பேரேடுகளையும் கூடவே எழுதிக்கொண்டு வந்தோம். ‘ஒரே வேலையை இரண்டு தடவையா?’ என்று இளைஞர்கள் சலித்துக்கொண்டார்கள். மாதக் கடைசியில் ஒரு நாள் கணினி படுத்துவிட்டது. சீனியர் ஒருவர் பேரேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, பென்ஷன் பில் அத்தனையையும் கையாலேயே போட்டு மாலைக்குள் முடித்தார். வந்திருந்த கிழவிகள் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள். பிறகு பேரேடு நிறுத்தப்பட்டது. பீரோ பூட்டப்பட்டது. அதற்குப் பிறகு கணினி படுத்த நாட்களில், ‘நாளைக்கு வாருங்கள்’ என்பதைத் தவிர எங்களால் சொல்ல முடிந்தது எதுவும் இல்லை. கையால் எழுதத் தெரிந்தவர்கள் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தோம். எழுத அதிகாரம் இல்லை.

புதுக் கருவி வேண்டாம் என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. என் பேத்தி கைபேசியில் சொல்லிக் கொடுத்ததால்தான் இதைத் தட்டச்சு செய்து உங்களுக்குக் கொடுக்க முடிகிறது. நான் கேட்பது ஒன்றுதான். கருவி தவறும் நேரத்தில் அங்கே இருக்கிற மனிதனுக்கு ஒரு வழி விட்டு வைத்திருக்கிறோமா? வங்கியில் ‘சர்வர் இல்லை’ என்று திருப்பி அனுப்பப்படும்போதெல்லாம் அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்க்கிறேன். அவருக்கும் தர்மசங்கடம்தான். அவர் கையில் கொக்கி இல்லை. யாரோ எங்கோ இருந்து துளையை அடைத்துவிட்டார்கள்.

உலகத்தில் மோன்ட்ராகோன் துப்பாக்கிகள் இப்போது மிகக் குறைவு. அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும் சில இருக்கின்றன. அதன் வேகத்தை எத்தனையோ துப்பாக்கிகள் தாண்டிப் போய்விட்டன. படம் கிடைத்தால் பாருங்கள். வலது பக்கத்தில், போல்டின் பிடியை மட்டும் பாருங்கள். விரல் நுனி அளவு கொக்கி. கலகக்காரர் செய்ததுதான், கொல்லும் கருவியில் இருந்ததுதான். ஆனாலும் அதில் ஒரு மரியாதை இருந்தது. இந்த இடத்தில் எது தேவை என்று இங்கே நிற்பவனுக்குத்தான் தெரியும் என்ற மரியாதை.